சுவரோடு ஒட்டிய பத்தியம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நடமாட்டத்தோடும் உன் அத்தை வாயோடும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி கைகால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்பதுதான் விடிந்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. கையில் போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் உன்னோடு பேச முடியவில்லை கண்ணு. ஞாயிற்றுக்கிழமை பார்த்தோமே, நான் ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தால் நீ என் கழுத்தெலும்பைப் பார்க்கிறாய், உடனே உன் குரல் உடைகிறது, உன் குரல் உடைந்தால் எனக்கும் உடைகிறது, அப்புறம் இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே காசு தீர்ந்து போன் நின்றுவிடுகிறது. காகிதத்துக்குக் கழுத்தெலும்பு கிடையாது. அதனால் இதை முழுசாகப் படி. படித்து முடிக்கிற வரைக்கும் அந்த ராஜினாமாக் கடிதத்தை யார் கையிலும் கொடுக்காதே. முதல் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, விரைவுத் தபால் ஐந்து நாளில் போய்ச் சேரும் என்று தபால் ஆபீஸ் பெண் சொல்லியிருக்கிறாள், இரண்டு தடவை கேட்டுவிட்டேன், மூன்றாம் தடவை கேட்கப் போனபோது ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

நீ சொன்னது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பா போனதுலேர்ந்து நீ சாப்பிடறதே இல்லை, அவரை நெனச்சு நெனச்சுக் கரையறே, என்கிட்ட மறைக்கிறே, முதல் தேதி எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன் என்றாய். மூன்று வருஷம் கடல் தாண்டி அந்தத் துறைமுகத்தில் வெயிலிலும் மழையிலும் கீழே நின்று பெட்டிக்குக் கொக்கி மாட்டினாய், கிரேன் பரீட்சை எழுதி இரண்டு தடவை தோற்று மூன்றாம் தடவை தேறினாய், இப்போதுதான் மேலே கூண்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறாய். இன்னும் ஒன்பது வாரம் ஒழுங்காக ஓட்டினால் வேலை நிரந்தரம், இப்போது இறங்கினால் எங்கே போனாலும் மறுபடியும் கொக்கியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். என் எடை குறைந்ததற்காக நீ அந்தக் கூண்டிலிருந்து இறங்க வேண்டுமா, அதுதான் இப்போது கேள்வி. அதனால் என் எடை எப்படிக் குறைந்தது என்பதை உள்ளது உள்ளபடி எழுதிவிடுகிறேன். இதில் எனக்கு மானம் போகிற இடம் ஒன்று இருக்கிறது. நீ சிரிக்கலாம். ஆனால் அத்தைக்குப் போன் போட்டு அவளோடு சேர்ந்து சிரிக்காதே, அவள் இதற்குள் ஒரு வருஷத்துச் சிரிப்பைச் சிரித்துவிட்டாள்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஐந்து மாதமாகப் போனில் உனக்கு என் நெற்றியை மட்டும்தான் காட்டினேன். அம்மாவுக்குப் போனைப் பிடிக்கத் தெரியவில்லை என்று நீ நினைத்தாய், எனக்கு நன்றாகவே தெரியும், கன்னம் தெரியக் கூடாது என்று வேண்டுமென்றுதான் மேலே தூக்கிப் பிடித்தேன். சில நாள் விசிறியைக் காட்டிவிட்டுப் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை உன் அத்தை வந்தாள், குடுங்கண்ணி நான் புடிக்கிறேன் என்று பிடுங்கி என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் காட்டிவிட்டாள், போதாததற்குப் பக்கவாட்டிலும் காட்டினாள். அதில்தான் நீ பயந்தாய். பக்கவாட்டில் பார்த்தால் நானே பயந்துவிடுவேன்.

ஆபரேஷன் நடந்தது உனக்குத் தெரியும், அதற்கு முன்னும் பின்னும் நடந்தது தெரியாது. அப்பா போன நாலாம் மாதம் வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி வந்தது, முதுகுக்குப் போய்த் தோள்பட்டையில் உட்கார்ந்துகொண்டது. வாயு என்று நினைத்து சோடா சோடாவாகக் குடித்தேன். பைண்டிங் கடையில் நோட்டுகளை அடுக்கும்போது சுருண்டு விழுந்ததும் முதலாளியே வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா பித்தப்பையில் இருபத்துமூன்று கல் இருக்கிறது என்றாள். வீட்டில் ஒரு ஆள் போய் நாலு மாதம்தான் ஆகிறது, அதற்குள் வயிற்றுக்குள் இத்தனை பேர் குடியேறிவிட்டார்களே என்று நினைத்துக்கொண்டேன். பையோடு எடுத்துவிட்டார்கள். வயிற்றில் நாலே ஓட்டை, எங்கள் தையல் ஊசி போடுகிற ஓட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். கல்லை ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். உன் அத்தை அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவள் வேலை செய்கிற சலவைக் கடை முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். எதிர்வீட்டுக்காரி, அதுதான் அப்பா ஒலிபெருக்கி என்று பேர் வைத்தாரே அவள், குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். பார்த்துவிட்டு, பாலிஷ் போட்டா ஒரு ஜோடி கம்மல் பண்ணலாம் போல இருக்கே என்றாள். அவளிடமிருந்து அதைத் திரும்ப வாங்கவே நாலு நாள் ஆனது.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது நர்ஸ் ஒரு பத்தியத் தாள் கொடுத்தாள். எல்லாம் இதுல இருக்கும்மா, இதுல உள்ளபடி சாப்பிடுங்க என்றாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் படித்ததை விட மாட்டேன். எண்ணெய் கூடாது, வெண்ணெய் கூடாது, வறுத்தது பொரித்தது கூடாது, முட்டையின் மஞ்சள் கூடாது, கொட்டை வகை கூடாது. குழைந்த சோறு, வேகவைத்த காய், ஆடை எடுத்த பால், தோல் சீவின ஆப்பிள், ரொட்டி இரண்டு துண்டு, இவை சாப்பிடலாம். வீட்டுக்கு வந்ததும் இதைத் தொலைத்துவிடக் கூடாது என்று தோன்றியது. வேறு யாராவது என்றால் ஒரு ஆணியில் மாட்டியிருப்பார்கள், இல்லை நாலு மூலையில் டேப் ஒட்டியிருப்பார்கள். நான் இருபத்திரண்டு வருஷமாகப் பைண்டிங் கடையில் பசை போடுகிறவள். காகிதத்தைக் கையில் எடுத்தால் எனக்கு அடுத்த வேலை பசை தடவுவதுதான். வயிற்றில் கட்டோடு அடுப்பில் மாவைக் கரைத்து, கரப்பான் அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டு, கட்டி தட்டாமல் காய்ச்சினேன். தாளைக் குப்புறப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே சீராகத் தடவி, அடுப்புக்கு மேலே சுவரில் வைத்துத் தேய்த்தேன். ஒரு காற்றுக் குமிழ் கிடையாது, ஒரு சுருக்கம் கிடையாது. சுவரிலேயே அச்சடித்த மாதிரி இருந்தது. தள்ளி நின்று பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது, அப்பா இருந்திருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.

அதிலிருந்து ஐந்து மாதம், அந்தத் தாள் சொன்னதற்கு மேல் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. தலைக்குத் தடவுகிற எண்ணெய்கூட உள்ளே இறங்குமோ என்று ஒரு வாரம் சந்தேகப்பட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால் எழுபது கிலோ இருந்தேன். மருந்துக்கடை மெஷினில் ஏறி நிற்கிற போதெல்லாம் முள் பின்னாலேயே போனது. அறுபத்தாறு, அறுபத்துமூன்று, அறுபது, கடைசியில் ஐம்பத்தாறு. பையை எடுத்தால் இப்படித்தான் இளைக்கும் போலிருக்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து வந்து காட்டச் சொல்லியிருந்தார்கள், வலி இல்லையே, எதற்கு ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொள்வது என்று போகவில்லை. நீ இப்படிச் செய்யாதே. உடம்பைக் காட்டு என்று சொன்னால் போய்க் காட்டிவிட வேண்டும்.

இதற்குள் தெருவில் நான் பெரிய ஆளாகிவிட்டேன். என்ன பண்ணினே, எப்படிப் பண்ணினே என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள். ஒலிபெருக்கி வந்து அடுப்படிச் சுவரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள், மறுநாளிலிருந்து ஒவ்வொருத்தியாக வந்து எடுத்தார்கள், சமைக்க விடவில்லை. பித்தப்பை முழுசாக உள்ளே இருக்கிற மூன்று பெண்கள் பித்தப்பை எடுத்தவளின் பத்தியத்தைக் கடைப்பிடித்தார்கள். அதில் மளிகைக் கடைக்காரர் சம்சாரம் இரண்டாம் நாளே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள், கேக் கொடுத்து எழுப்பினார்கள். எங்கள் முதலாளி சம்சாரம் காரில் வந்து இறங்கி, எந்த ஆஸ்பத்திரி அது, எனக்கும் அந்தப் பை உள்ளே சும்மாதானே இருக்கு, எடுத்துட்டா நல்லது இல்லையா என்று கேட்டாள். உங்களுக்குக் கல் இருக்கான்னு பாருங்கம்மா என்றேன். அதையும் போட்டுக்கணுமா என்றாள்.

அது போகட்டும், அடுத்த கதையைக் கேள். புருஷன் போய் ஒரு வருஷம் ஆகவில்லை, இவள் எதற்கு இப்படி உடம்பைக் குறைக்கிறாள் என்று யாரோ கேட்க, கடையில் கட்டிங் மெஷின் ஓட்டுகிற பெரியவர் எனக்குத் தினம் ஒரு ஆப்பிள் கொடுப்பதை யாரோ பார்க்க, இரண்டையும் ஒலிபெருக்கி ஒட்டிவிட்டாள். அந்த மனுஷனுக்கு அறுபத்தெட்டு வயது, மருமகள் கட்டிக் கொடுக்கிற ஆப்பிளைக் கடிக்கப் பல் இல்லாமல்தான் எனக்குக் கொடுத்தார். உன் அத்தை வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்து வாசலிலேயே நின்று, அண்ணி உள்ளதைச் சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லை, ஆனா முன்கூட்டியே சொல்லிடுங்க, நான் துணி எடுத்துத் தைக்கக் குடுக்கணும் என்றாள். கூடப் பிறந்த அண்ணனுக்காக இன்னும் தினம் அழுகிறவள் அவள். அவள் அப்படிக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது மோதிரக் கதை. இதை உனக்குச் சொல்லவே கூடாது என்றிருந்தேன். ஒரு பள்ளிக்கூடத்துக்கு நானூறு நோட்டு அன்று சாயங்காலம் போயாக வேண்டும். நான் நோட்டு முதுகுக்குப் பசை போட்டு, மேலே துணிப்பட்டை ஒட்டி, அழுத்துகிற மெஷினுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். நானூறும் முடிந்து கையைக் கழுவும்போது பார்க்கிறேன், விரலில் மோதிரம் இல்லை. அப்பா போட்ட மோதிரம், உன் பிரசவத்தில் கை வீங்கினபோதுகூடக் கழற்ற முடியாமல் சோப்புப் போட்டுப் பார்த்து விட்டுவிட்டார்கள், அது தானாகவே நழுவியிருக்கிறது. பசைச் சட்டியில் கையை விட்டுத் தேடினேன், இல்லை. தரையில் இல்லை. அப்படியானால் நானூறு நோட்டில் ஏதோ ஒன்றின் முதுகுக்குள் இருக்கிறது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு, ஒரு மோதிரத்துக்காக நானூறு முதுகையும் கிழிக்கச் சொல்றியா, வண்டி வந்து நிக்குதும்மா என்றார். நான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கடையில் தையல் போடுகிறாளே, ஊசி என்று கூப்பிடுவோமே, அவள்தான், கிழிக்க வேண்டாம் முதலாளி, தடவிப் பாத்தாப் போதும் என்றாள். ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொரு நோட்டின் முதுகையும் கட்டைவிரலால் மேலிருந்து கீழே தடவினார்கள், வண்டிக்காரனும் இறங்கி வந்து தடவினான். முந்நூறுக்கு மேல் போன பிறகு முதலாளி கையில்தான் அது அகப்பட்டது. கிடைச்சுது கிடைச்சுது என்று அவர் கத்தின கத்தலில் பக்கத்துக் கடைக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவரே கத்தியால் பட்டையைக் கீறி எடுத்தார், மெஷினில் அழுந்தி மோதிரம் முட்டை மாதிரி ஆகியிருந்தது. அப்பா போன அன்றைக்கு நான் அழவில்லை என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள் இல்லையா, அந்த அழுகையை அன்றைக்கு அந்த நோட்டின் மேல் அழுதேன். வேறு நோட்டு போட்டுக் கொடுத்தார்கள்.

முதலாளி மோதிரத்தை என் விரலில் மாட்டப் பார்த்தார், எந்த விரலிலும் நிற்கவில்லை. அப்போதுதான் என் கையைச் சரியாகப் பார்த்தார். என்னம்மா கை இது, காகிதம் மடிக்கிற கட்டை மாதிரி இருக்கு, நாளைக்கு டாக்டரைப் பார்த்து சீட்டு வாங்கிட்டு வா, சீட்டு இல்லாம பசைச் சட்டியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். மறுநாள் அத்தையும் நானும் போனோம். டாக்டரம்மா ரத்தம் எடுத்தாள், படம் எடுத்தாள், வயிற்றை அழுத்திப் பார்த்தாள், இரண்டு நாள் கழித்து எல்லாம் சுத்தமாக இருக்கிறது, ஒரு கோளாறும் இல்லை என்றாள். அப்புறம் என்ன சாப்பிடறீங்க என்று கேட்டாள். நான் ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன், குழைந்த சோறு, வேகவைத்த காய், ஆடை எடுத்த பால். அஞ்சு மாசமாவா, யார் இப்படிச் சாப்பிடச் சொன்னது என்றாள். நீங்கதான் என்றேன். அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து, இதுவா என்றாள். இதேதான் என்றேன். அவள் தாளைத் திருப்பினாள். கண்ணு, அந்தத் தாளுக்குப் பின்பக்கமும் எழுத்து இருந்தது. முன்பக்கம் உள்ளது முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும். மூன்றாம் வாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முட்டை, மீன், அரைக் கரண்டி எண்ணெய் என்று சேர்த்துக்கொண்டு வழக்கமான சாப்பாட்டுக்கு வந்துவிட வேண்டும். எடை குறைந்துகொண்டே போனால் உடனே வந்து காட்ட வேண்டும். எல்லாம் எழுதியிருந்தது.

ஏம்மா நீங்க பின்பக்கம் பார்க்கவே இல்லையா என்றாள். பின்பக்கம் சுவரு இருக்குங்க டாக்டரம்மா என்றேன். அவளுக்குப் புரியவில்லை, அத்தை விளக்கிச் சொன்னாள், அத்தைக்கே அப்போதுதான் புரிந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள் பார், டாக்டரம்மா மேஜையில் தலையை வைத்துவிட்டாள், வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தடவும்போது எழுத்து கண்ணில் பட்டிருக்காதா என்றுதானே கேட்கிறாய். பட்டிருக்கும். எங்கள் கடையில் அட்டைக்கு உள்ளே ஒட்டுவதெல்லாம் பழைய அச்சுத் தாள்தான், பின்பக்கம் எதையாவது அச்சடித்திருக்கும், அதைப் படித்துக்கொண்டிருந்தால் பசை காய்ந்துவிடும். எங்களுக்குப் பின்பக்கம் என்றால் பசை தடவுகிற பக்கம், அவ்வளவுதான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரம்மா, முன்பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் மறுபக்கம் பார்க்கவும் என்று அடிக்கச் சொல்கிறேன் என்றாள். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, சிரிச்சிட்டேன், ஆனா இது விளையாட்டு இல்லைம்மா, சாப்பாட்டைக் கூட்டிக்கிட்டே வரணும், கொஞ்சம் கொஞ்சமா நாலஞ்சு வேளை சாப்பிடுங்க, எண்ணெய் அதிகமாகி வயிறு கழிஞ்சா அளவைக் குறைங்க, மாசாமாசம் வந்து என் மெஷினில் ஏறணும் என்றாள். பஸ்ஸில் அத்தை வழி முழுக்கச் சிரித்தாள், டிக்கெட் கொடுக்கிறவரிடமும் சொல்லிவிட்டாள்.

இவ்வளவோடு நிறுத்தினால் நீ நிம்மதியாகிவிடுவாய், நானும் புத்திசாலி மாதிரி கையெழுத்துப் போட்டு முடித்துவிடலாம். ஆனால் உள்ளதை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை உரிக்கப் பார்த்தேன். தண்ணீர் அடித்து ஊறவைத்தேன், கத்தியை விட்டேன். வரவில்லை. உள்ளங்கை அளவுக்குச் சுண்ணாம்புதான் பெயர்ந்தது. என் கைப்பசையிடம் நானே தோற்றேன், விட்டுவிட்டேன், நீ வரும்போது உரித்துக் கொடு. அன்றைக்கு முட்டை வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். அரைக் கரண்டி எண்ணெய் விட்டு ஒரு முட்டையைப் பொரித்துத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நான் முட்டையைப் பார்த்தேன், முட்டை என்னைப் பார்த்தது. இரண்டு பேரும் அப்படியே ஆறிப்போனோம். வாய்க்குப் போகவில்லை கண்ணு. அப்பா லிஃப்ட் ரிப்பேர் வேலை முடித்து எத்தனை மணிக்கு வந்தாலும் சேர்ந்துதான் உட்காருவோம், முதல் வாயிலேயே உப்பு குறைகிறது என்பார், குறையே இல்லாவிட்டாலும் அப்படித்தான் சொல்வார், எழுந்து எடுத்துக்குங்க என்பேன், எடுக்க மாட்டார், அப்படியே சாப்பிட்டு இரண்டாம் தடவையும் வாங்கிக்கொள்வார். இருபத்தாறு வருஷம். எதிரில் குறை சொல்ல ஒரு ஆள் இல்லாமல் அது சாப்பாடாகவே தோன்றவில்லை. தாளில் இருந்ததைச் சாப்பிட்டதெல்லாம் மருந்து மாதிரி. மருந்து விழுங்க எதிரில் ஆள் வேண்டாம். அதனால்தான் ஐந்து மாதமும் அது எனக்குச் சுலபமாக இருந்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. பின்பக்கத்தைப் படித்திருந்தாலும் நான் முன்பக்கத்தையே பிடித்துக்கொண்டிருப்பேனோ என்னவோ. ஆக, நீ சொன்னதில் பாதி உண்மை. அதை மறைக்க மாட்டேன். பாதி பசை, பாதி அப்பா.

ஆனால் மீதியையும் கேள். சீட்டைக் காட்டிக் கடைக்குப் போன முதல் நாள் மத்தியானம், வழக்கம்போல டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னால் பசை அடுப்புப் பக்கம் போனேன். ஐந்து மாதமாக அங்கேதான் தனியாகச் சாப்பிட்டேன், என் வெந்த காயை மற்றவர்கள் பார்த்துப் பரிதாபப்படக் கூடாது என்று. ஊசி வந்து டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போய் நோட்டு மடிக்கிற நீள மேஜையில் எல்லார் நடுவிலும் வைத்துவிட்டாள். வாங்கக்கா, சீட்டு வாங்கிட்டீங்க இல்லை, இனிமே உங்க டப்பா பொதுச் சொத்து என்றாள். முட்டை போட்டுக் கிளறின சோறுதான் கொண்டு போயிருந்தேன். அவள் ஒரு கை, அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் ஒரு கை, பல் இல்லாத பெரியவர்கூட, எனக்குக் குழைஞ்சதா ஒரு ஓரம் குடும்மா என்று தட்டை நீட்டினார். நிமிர்ந்து பார்ப்பதற்குள் பாதி டப்பா காலி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தாங்கடி, எனக்கு டாக்டர் சாப்பிடச் சொல்லியிருக்காங்க, உங்களுக்கு இல்லை என்று டப்பாவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு மளமளவென்று தின்றேன். என் பங்கைக் காப்பாற்றத்தான் தின்றேன், ஆனால் உள்ளே போய்விட்டது. மறுநாள் பெரிய டப்பா கொண்டு போனேன். போன வாரம் டாக்டரம்மா மெஷினில் ஏறினேன், ஐம்பத்தேழரை. மூன்று வாரத்தில் ஒன்றரை கிலோ. நீ ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் பயந்தாயே, அது ஏற ஆரம்பித்த பிறகு உள்ள அம்மா. இதற்கு முன்னால் பார்த்திருந்தால் கூண்டிலிருந்து குதித்தே வந்திருப்பாய், நெற்றியைக் காட்டினது நல்லதாகப் போயிற்று.

இப்போது நான் சொல்கிற ஏற்பாட்டைக் கேள். அடுத்த மாதம் இருபதாம் தேதி மறுபடியும் எடை பார்க்க வேண்டும். எடை எழுதின சீட்டை ஊசி தன் போனில் போட்டோ எடுத்து நேராக உனக்கே அனுப்புவாள், என் கை வழியாக வராது, அதனால் நான் மறைக்க வழியில்லை. அதில் ஐம்பத்தேழரைக்கு ஒரு துளி குறைந்திருந்தாலும் நானே வாடா என்று கூப்பிடுவேன், வேலை என்ன ஆகும் என்று ஒரு பேச்சுப் பேச மாட்டேன், நீயும் கேட்காதே, வந்துவிடு. கூடியிருந்தால் நீ அந்த ஒன்பது வாரத்தை முடித்து நிரந்தரம் வாங்கிக்கொண்டு ஒரு மாதம் லீவு போட்டு வா. எனக்காகப் பொய் சொல்லச் சொல்லி டாக்டரம்மாவைக் கெஞ்ச மாட்டேன், கெஞ்சினாலும் அவள் கேட்கிறவள் இல்லை.

மத்தியானம் கடை மேஜை இருக்கிறது. காலையில் அத்தை வேலைக்குப் போகிற வழியில் வந்து நின்றுகொண்டே பாதி ரொட்டியைத் தின்றுவிட்டு என்னையும் தின்ன வைக்கிறாள். ராத்திரிச் சாப்பாடுதான் இன்னும் சரிப்படவில்லை, இரண்டு வாயோடு மூடி வைத்துவிடுகிறேன். இங்கே நான் ஏழரைக்குத் தட்டுப் போடும்போது அங்கே உனக்கு மத்தியான இடைவேளை என்று கணக்குப் பார்த்தேன். நீயும் அந்தக் கேன்டீனில் தனியாகத்தானே உட்காருகிறாய். போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து எதிரில் வை. பேச வேண்டும் என்று இல்லை, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே வேண்டாம், நான் மெல்லுவதை எண்ணிக்கொண்டு உட்காராதே. உன் பாட்டுக்குச் சாப்பிடு, கேன்டீன்காரன் என்ன போட்டான், வெந்ததா வேகவில்லையா என்று வாய் நிறையக் குறை சொல்லு. அது எனக்குப் போதும். நீ என் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதானே வேலையை விடப் பார்த்தாய், பக்கத்தில் வேண்டாம் ராசா, எதிரில் இரு.

கூண்டில் ஏறினதும் பெல்ட்டை மாட்டு, காற்று அடிக்கிற நாளில் துணிச்சல் காட்டாதே, வலது விலாவுக்குக் கீழே வலித்தால் சோடா குடித்துக்கொண்டு கிடக்காதே, உனக்கும் என் உடம்புதான். நீ எடுத்துக்கொண்ட வேலை உன் கையை விட்டுப் போகாமல் நிலைக்கட்டும், நீ இறக்கி வைக்கிற பெட்டி எல்லாம் அலுங்காமல் தரையில் உட்காரட்டும், நீ நூறு வயது பசியோடும் ருசியோடும் இரு. இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே கூப்பிட்டுவிடு, ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று இருக்காதே. கூப்பிடாவிட்டால் சாப்பிட மாட்டேன் என்று உன்னைப் பயமுறுத்தவில்லை, கூப்பிடாவிட்டாலும் சாப்பிடுவேன். கூப்பிட்டால் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வேன்.

ஏழரை மணிக்குத் தட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா